ஜெனிஸ்ராவின் இரண்டாம் பதிப்பு

ஜெனிஸ்ரா மூன்று இடங்களில் பிறந்தது, அவள் இறந்து முப்பத்தோராம் நாளில்தான். அதுவரை அவள் ஓரிடத்தில்தான் பிறந்திருந்தாள். அது எந்த இடம் என்பதில் சொந்தக்காரருக்குள் இணக்கம் இல்லை, அவ்வளவுதான். அன்று காலைப் பூசை முடிந்து, மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டு ஊரில் உள்ள வீட்டுக்கு ஆட்கள் வந்து, சோறு பரிமாறத் தொடங்கிய நேரத்தில், ஒருவரையொருவர் முன்பின் தெரியாத மூன்று மருத்துவிச்சிகள் வாசல் படலையைத் திறந்துகொண்டு வந்து, இந்தப் பிள்ளையைத் தூக்கி எடுத்தது தாங்கள்தான் என்றார்கள். ஒருத்தி தமிழ்நாட்டு மண்டபம் முகாமிலிருந்து வந்திருந்தாள். ஒருத்தி மடு மாதா கோயில் வளவிலிருந்து. மூன்றாமவள் கடலிலிருந்து வந்தாள். சேலை நனைந்திருந்தது, முற்றத்தில் அவள் நின்ற இடம் பிறகு உப்புப் பூத்தது. மூவருக்கும் கதிரை போட்டுக் கொடுத்தார்கள். தேத்தண்ணீர் குடித்தார்கள். பிள்ளைக்கு இடது காதுக்குப் பின்னால் மச்சம் இருந்தது என்று மூவரும் சொன்னார்கள்; அது சரி. பிறகு வந்த வழியே போனார்கள். கணவன் மில்ரன் அவர்களைப் படலைவரை கொண்டுபோய் விட்டான். ஆச்சரியப்பட அவனிடம் தெம்பு இருக்கவில்லை.

காரணம் புத்தகம். இந்தப் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் ஒன்று அடித்து, வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். முதலில் படம், பிறகு வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி. அதோடு விட்டால் மறுவாரமே அது அடுப்படிக்குப் போய்விடும் என்பதால், நடுவில் பயனுள்ள ஏதாவது ஒன்றைச் சேர்ப்பது வழக்கம்: சிலுவைப்பாதை, எந்தப் பழத்தில் என்ன சத்து, பாம்பு கடித்தால் என்ன செய்வது. மில்ரன் சேர்த்தது பழைய கிரேக்கப் புராணக் கையேடு ஒன்றை. ஜெனிஸ்ரா மன்னார்ப் பட்டினத்தில் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தவள். பிள்ளைகளுக்குத் தமிழில் ஒழுங்கான புத்தகம் இல்லை என்று, பல்கலைக்கழகக் கம்பஸ் நாளில் படப்பிரதி எடுத்து வைத்திருந்த ஓர் ஆங்கிலப் பதிப்பிலிருந்து அதைச் சமையல் மேசையடியில் அமர்ந்து மொழிபெயர்த்து வந்தாள். கடைசிப் பகுதி மிச்சம் இருந்தது. ஏழாம் மாதம் பிரஷர் ஏறி, ஒரு பின்னேரத்துக்குள் அவளும் வயிற்றில் இருந்த பெண் பிள்ளையும் போனார்கள். மில்ரன் கட்டிலருகில் நின்றான். அவன் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் உத்தியோகத்தன். முன்பும் அதிகம் பேசாதவன். அதன் பிறகு தேவைக்கு மட்டும் பேசினான். தேவையும் குறைந்துகொண்டு வந்தது.

கையேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதை எழுதியது யார் என்று தெரியாது. பிற்காலத்தில் யாரோ ஒரு பெரிய அறிஞரின் பெயரை அதில் ஒட்டிவிட்டார்கள். அது பிழை என்று கண்டுபிடித்த புதிய பதிப்பாளர்கள் பெயரைக் கழற்ற மனமில்லாமல், அதன் முன்னால் ‘போலி’ என்று சேர்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். முடிவுப் பகுதி தொலைந்துவிட்டது. எவரோ செய்து வைத்த சுருக்கம்தான் மிஞ்சியது. அழகுக்காக அதில் ஒரு சொல்லும் இல்லை. யார் யாரைப் பெற்றார், யார் யாரைக் கொன்றார், யார் என்ன மரமாக மாறினார் என்று கச்சேரிக் குறிப்பைப் போல எழுதிக்கொண்டு போகும். ஆனால் ஒரு பழக்கம் உண்டு. ஒரு விஷயத்துக்கு இரண்டு கதை இருந்தால் இரண்டையும் சொல்லும். பத்து வருசம் சண்டை நடந்தது ஓர் அரசிக்காக. வேறு சிலரோ, அங்கே போனது அவளைப் போலச் செய்த மேகம், அவள் எகிப்தில் சுகமாக இருந்தாள் என்பர். எது சரி என்று தீர்ப்பு இல்லை. புதிய பதிப்பில் ஒன்றை மேலே போட்டு, கோடு கீறி, மற்றதைக் கோட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் போடுவார்கள். ஜெனிஸ்ரா மொழிபெயர்ப்பின் முன்னுரையில் எழுதியிருந்தாள்: கையேட்டுக்காரர் தானாக ஒன்றும் சொல்வதில்லை. எவராவது சொல்லியிருக்க வேண்டும். ஒருவர் சொன்னாலே எழுதுவார். சொல்ல ஒருவரும் இல்லாததை எழுதமாட்டார்.

வாழ்க்கை வரலாறு எழுத வேண்டிய வாரம் சொந்தக்காரர் வந்தார்கள். ஜெனிஸ்ராவின் தாய் பெற்றிசியா, மகள் மண்டபம் முகாமில் பிறந்தாள் என்றாள். “பெத்தவள் நான். எனக்குத் தெரியாதோ?” பெற்றிசியாவின் தம்பி றொபேட் கடற்தொழில் செய்பவன், யுத்த நாளில் அக்காவைப் படகில் ஏற்றி அக்கரைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோனவன். பிள்ளை மணல்திட்டு காணமுன் படகிலேயே பிறந்துவிட்டது என்றான். “உனக்கு மயக்கம் அக்கா. எஞ்சினை நிப்பாட்டினது நான். உனக்கு என்ன தெரியும்?” ஜெனிஸ்ராவின் செத்துப்போன தகப்பனின் தமக்கை புஸ்பம் முருங்கனிலிருந்து பஸ்ஸில் வந்தாள். படகுக்கு முதலே, மடுவில் அகதியாக இருந்த காலத்தில், கோயில் வளவு மரத்தடியில் பிறந்தாள் என்று இருவரையும் மறுத்தாள். அத்தோடு விடவில்லை. “மடு மாதாவுக்கு நேர்ந்த பிள்ளை. மடத்திலை சேந்தவள். அதிலை இருந்திருந்தா இண்டைக்குச் சிஸ்ரரா உயிரோடை இருப்பாள். நீங்கள்தான் கூட்டிக்கொண்டு வந்து கட்டி வைச்சியள். அவள் கட்டினவள் எண்டதையே நான் ஏற்கேல்லை. என்ரை கதையையும் போடு தம்பி.”

ஜெனிஸ்ரா பள்ளிக்கூடம் முடித்துக் கன்னியர் மடத்தில் சேர்ந்ததும், கொஞ்ச மாதத்தில் வெளியே வந்து கம்பஸுக்குப் போனதும் உண்மை. மில்ரன் வாதாடவில்லை. வாதாட ஒரு ஆளுக்கு ஒரு மனம் வேண்டும். அவன் கையேட்டின் வழக்கப்படி எல்லாவற்றையும் எழுதினான். மண்டபத்தில் பிறந்தாள், சிலர் படகில் என்பர், சிலர் மடுவில் என்பர். மில்ரனை மணந்தாள், ஏழாம் மாதத்தில் இறந்தாள். வேறு சிலர், அவள் மணக்கவில்லை, மடத்திலேயே இருந்தாள் என்பர்.

அச்சகம் பட்டினத்தில் நௌஷாட்டினுடையது. நௌஷாட் வாசித்துப் பார்த்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான்.

“சேர், இதென்ன, ஒரு மௌத்து மலருக்கு இவ்வளவு கதை?”

“போடுங்கோ.”

“மேலை எல்லாம் ஒண்டாப் போட்டா ஆக்கள் குழம்புவினம். புத்தகத்திலை மற்ற இடத்திலை செய்திருக்கிற மாதிரி, கீழை கோடு போட்டு சின்ன எழுத்திலை விடுவமோ?”

மில்ரன் தலையாட்டினான். அப்படித்தான் அச்சானது. கிரேக்கருக்குப் போட்ட அதே கோடு, அதே சின்ன எழுத்து. அதுதான் முப்பத்தோராம் நாள் மருத்துவிச்சிகளைக் கொண்டுவந்தது.

மாரிமழை முடிந்து புஸ்பம் மறுபடியும் வந்தாள். கையில் ஒரு பை விளாம்பழம். சிஸ்ரர் ஜெனிஸ்ரா கொடுத்துவிட்டாள் என்று மேசையில் வைத்தாள். முருங்கனுக்கு அப்பால் வயல்கரையில் இருக்கும் மடத்தில் அவள் இருக்கிறாள், சுகமாக இருக்கிறாள், கொஞ்சம் மெலிவுதான் என்றாள். மில்ரன் விளாம்பழத்தை உடைத்துச் சீனி போட்டுத் தின்றான். பெற்றிசியா அன்றே பஸ் ஏறினாள். பிறகு ஞாயிறு தவறாமல் போகத் தொடங்கினாள். ஊர் இதை ஏற்றுக்கொள்ள அதிக நேரம் செலவழிக்கவில்லை. சேமக்காலையில் ஜெனிஸ்ராவின் கல்லறை இருந்தது, உள்ளே அவளும் இருந்தாள். மடத்திலும் அவள் இருந்தாள். ஒரு முறை அவளுடைய ஆன்ம இளைப்பாற்றிக்கு ஒப்புக்கொடுத்த பூசைக்கு முருங்கனிலிருந்து சிஸ்ரர்மார் வந்தபோது, இரண்டாம் வரிசையில் அவளே முழங்காலில் இருந்து தனக்காக மன்றாடினாள். பங்குத்தந்தையிடம் சிலர் கேட்டார்கள். அவர் மலரை விரித்துக் காட்டி, “ரெண்டும் அச்சிலை இருக்கு. நான் என்ன செய்ய?” என்றார்.

அந்தப் பூசைக்கு மில்ரன் போகவில்லை. கச்சேரியில் வேலை என்றான். பங்குனி மாதத்தில்தான் பெற்றிசியாவோடு மடத்துக்குப் போனான். சிஸ்ரர் ஜெனிஸ்ரா வரவேற்பறையில் வந்து அமர்ந்தாள். அதே முகம், அதே மச்சம், வெள்ளை உடுப்பு. அவனை அவளுக்குத் தெரியவில்லை. எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் சின்னதாக இருந்தது. குரல் சின்ன எழுத்தில் இருந்தது. கேட்க முன்னால் சரிய வேண்டியிருந்தது. நிழல் காலடியோடு முடிந்தது. ஒரு குவளை தண்ணீர் தூக்கிக் கொடுத்ததற்கே மூச்சு வாங்கினாள்.

“நீங்கள் மலர் அடிச்ச ஆள்தானே,” என்றாள். “நல்ல வேலை. ஆனா மொழிபெயர்த்தவ கடைசிப் பகுதியை விட்டிட்டா.”

“அவவுக்கு நேரம் கிடைக்கேல்லை.”

“நான் செய்து தரட்டோ? எனக்குத் தெரியும்போலை கிடக்கு. எழுதத்தான் கை ஏலாது.”

திரும்பி வரும் பஸ்ஸில் பெற்றிசியா யன்னல் பக்கம் இருந்து அழுதாள். அவள் ஞாயிறு ஞாயிறாகப் பார்த்ததை மில்ரன் ஒரே நாளில் பார்த்துவிட்டான்: பிள்ளை மங்கிக்கொண்டு போகிறாள். ஏன் என்று நௌஷாட்டிடம் கேட்டபோது அவன் ஒரு மலரை எடுத்துக் கண்ணருகில் பிடித்தான். தீவின் உப்புக் காற்றுக்கு மலிவுத் தாளில் சின்ன எழுத்துத்தான் முதலில் போகும் என்றான். மேலே இருப்பது ஐம்பது வருசம் நிற்கும். கீழே இருப்பது அடுத்த மாரியைக் காணாது.

அப்போது மில்ரன் ஒரு காரியம் செய்து பார்த்தான். இன்னொரு வரி எழுதினான்: வேறு சிலர், அவள் மில்ரனை மணந்தாள், ஏழாம் மாதத்தில் காய்ச்சல் போலக் கிடந்து எழும்பினாள், பிள்ளையும் பிறந்தது என்பர். எழுதிவிட்டு, அதைச் சொல்ல ஒரு ஆளைத் தேடினான். றொபேட்டிடம் போனான். றொபேட் வலையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தான். “மருமோன், பெட்டியிலை ஒரு பக்கம் நான் பிடிச்சனான். பாரம் இன்னும் தோளிலை கிடக்கு. பொய் சொல்லுறதுக்கு எனக்குப் பயமில்லை. ஆனா இது வாயிலை வருகுதில்லை.” பெற்றிசியாவுக்கும் வரவில்லை. இறந்த மகளைக் குளிப்பாட்டி உடுப்பாட்டியவள் அவள். கடைசியில் மில்ரன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தானே உரத்துச் சொல்லிப் பார்த்தான். ‘எழும்பினாள்’ என்ற இடத்தில் ‘இறந்தாள்’ என்றே வாயில் வந்தது. கட்டிலருகில் நின்றவன் அவன். சொல்ல ஒருவரும் இல்லாததைக் கையேடு எழுதாது. அவன் அந்தத் தாளைக் கிழித்தான்.

சில நாள் கழித்துப் பெற்றிசியா நண்டுக் கறி வைத்துக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்து வைத்துவிட்டு, போகாமல் இருந்தாள்.

“மருமோன், கோவிக்காதேங்கோ.”

“சொல்லுங்கோ மாமி.”

“வருசத்துக்குத் திரும்ப மலர் அடிப்பியள்தானே. அவளை மேலை ஏத்தி விடுங்கோவன்.”

மில்ரன் நண்டின் காலைக் கடித்து உடைத்தான்.

“உங்களை நான் பிறத்தியா நினைச்சுக் கேக்கேல்லை. என்ரை பிள்ளை மாதிரித்தான். ஆனா அவள் என்ரை பிள்ளை.”

“ஓம் மாமி.”

“உங்களுக்கு என்னப்பு ஆகும்?”

“சின்ன எழுத்திலை இருப்பன்.”

நௌஷாட் முதலில் மறுத்தான். இரண்டு கதையையும் மேலே போடலாமே என்று மில்ரனும் ஒரு தரம் கேட்டான். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது. “ஒண்டுதான் மேலை நிக்கும் சேர். ரெண்டையும் மேலை போட்டா அது புத்தகமில்லை, கோர்ட்டுக் கேஸ்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நல்லா யோசிச்சியளோ? சின்ன எழுத்து எண்டா எங்கடை ஊருக் காத்துக்கு என்ன நடக்கும் எண்டு நான் சொன்னனான்,” என்றான். மில்ரன் புதிய வரியைத் தாளில் எழுதி நீட்டினான். மேலே: மடுவில் பிறந்தாள், மடத்தில் சேர்ந்தாள், இப்போதும் அங்கே இருக்கிறாள். கீழே: சிலர், அவள் மில்ரன் என்பவனை மணந்து, ஏழாம் மாதத்தில் இறந்தாள் என்பர், ஒரு பெண் பிள்ளையும் இருந்தது என்பர். பிள்ளை முதல் பதிப்பில் இல்லை. நௌஷாட் பேனையால் அந்த இடத்தைத் தொட்டான். “இதைச் சொல்ல ஆள் இருக்கோ?” “நான் இருக்கிறன்,” என்றான் மில்ரன். நௌஷாட் அந்தப் பக்கத்துக்கு மட்டும் நல்ல தாள் போட்டான். அப்போது அதைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.

இரண்டாம் பதிப்பு ஆண்டு நினைவுக்கு வெளிவந்தது. அட்டையில் தோற்றம் மட்டும் இருந்தது, மறைவு இருக்கவில்லை; நினைவு மலருக்கு அது வழக்கம் இல்லை என்று ஓரிருவர் முணுமுணுத்தார்கள். கிரேக்க உரோம நாகரிகம் படிக்கும் பிள்ளைகள் வேறு ஊர்களிலிருந்தும் கேட்டு எழுதினார்கள். மற்ற மாற்றங்கள் அவசரமில்லாமல் நடந்தன. கல்யாணப் படத்தில் முதலில் அவளுடைய முந்தானை இல்லாமல் போனது, பிறகு கை, பிறகு அவள். கோட் சூட்டோடு மில்ரன் பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டுத் தனியே நின்றான். கல்லறையில் எழுத்துச் சிறுத்து, ஈர மணலில் நண்டு ஓடிய தடம் போலாகிவிட்டது. ஆத்துமாக்கள் திருநாளில் மெழுகுதிரியோடு வருபவர்கள் அதைக் காணாமல் கடந்து போனார்கள். மில்ரன் மட்டும் குனிந்து ஏற்றினான். பெற்றிசியா கொஞ்சக் காலம் ‘மருமோன்’ என்றாள், பிறகு ‘தம்பி’ என்றாள், அதன் பிறகு சந்தையில் கண்டால் எங்கேயோ பார்த்த முகம்போல நின்று, நினைவு வராமல் சிரித்துவிட்டுப் போனாள். றொபேட்டின் தோளில் இருந்த பாரம் ஒரு விடியற்காலை இறங்கியது. நல்ல நித்திரை கொண்டேன் என்று அவன் எல்லோரிடமும் சொன்னான். கச்சேரியில் மில்ரன் சொல்வது மேசைக்கு அப்பால் கேட்கவில்லை. ஒரு கூட்டத்தில் அவன் எழுந்து நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் தொடங்கிவிட்டார். அவனும் கதிரையில் இருந்துவிட்டான், அது அவனுக்கு ஒரு விதத்தில் வசதியாகவும் இருந்தது.

முருங்கனில் இருந்து வந்த செய்திகள் நல்லவை. சிஸ்ரர் ஜெனிஸ்ரா இப்போது உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பிக்கிறாள், அவள் குரல் வீதியில் போகிறவர்களுக்கும் கேட்கிறது, வயலுக்குள் நுழைந்த மாடுகளைத் தனியே கலைத்தாள், புஸ்பத்தைவிட இரண்டு மடங்கு சாப்பிடுகிறாள். கையேட்டின் கடைசிப் பகுதியையும் மொழிபெயர்த்து முடித்துவிட்டாள். அதை வாங்கத்தான் மில்ரன் போனான்.

அவள் மாமரத்தின் கீழே வாங்குப் பலகையில் இருந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிழல் நீளமாக விழுந்திருந்தது. கட்டுத் தாளை எடுத்துக் கொடுத்தாள். பிறகு, கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்டாள். மலரை விரித்துக் கோட்டுக்குக் கீழே விரலை வைத்தாள்.

“இந்த மில்ரன் ஆர்?”

“நான்தான்.”

“என்ன? கேக்கேல்லை.”

“நான்தான்.”

அவள் எழுந்து பக்கத்தில் வந்து, தலையைச் சரித்துக் காதை அவன் வாயருகில் கொண்டுவந்தாள், வெளிச்சம் போதாதவர்கள் புத்தகத்துக்குக் குனிவதைப் போல. மச்சம் தெரிந்தது. அவன் மறுபடி சொன்னான்.

“ஓ,” என்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வகுப்பில் நல்ல கேள்வி ஒன்று கிடைத்த முகம் வந்தது. “சிலர் என்பர் எண்டு போட்டிருக்கு. நான் விசாரிச்சுப் பாத்தனான். அம்மாவைக் கேட்டன், தெரியாது எண்டா. றொபேட் மாமாவும் தெரியாதாம். ஆர் அந்தச் சிலர்?”

“நான்.”

“வேறை?”

“வேறை ஒருத்தரும் இல்லை.”

அவள் அந்த வரியை இன்னொரு முறை வாசித்தாள். பிள்ளை என்ற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது.

“ஒராள் சொன்னாப் போதும்,” என்றாள். “ஆனா சொல்லிக்கொண்டு இருக்கோணும். இல்லாட்டி இந்த வரி போயிடும்.”

அதன் பிறகு மில்ரன் லீவு கிடைக்கிற சனிக்கிழமைகளில் முருங்கனுக்குப் போய் வருகிறான். பொழுது இருந்தால் மூன்றாம் பதிப்புக்கான பிழைகளைப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் அவள் வேலையை நிறுத்திக் காதைக் கொண்டுவருவாள். அவன் சொல்வான், மணந்தாள் என்றும், இறந்தாள் என்றும், பிள்ளை இருந்தது என்றும். அவள் கேட்டுவிட்டுத் தலையாட்டி, விடைத்தாளுக்குத் திரும்புவாள். இரண்டு மாரி போய்விட்டது. வரி இன்னும் மங்கவில்லை. நௌஷாட் ஒவ்வொரு முறையும் கண்ணாடி போட்டுப் பார்த்து, தன்னுடைய தாள் நல்ல தாள் என்கிறான்.

போன சனிக்கிழமையும் போய் வந்தான். சந்தியில் பஸ் வந்தது, ஏறினான். மன்னார் என்று கண்டக்டருக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.